கிட்டாருக்குக் காய்ச்சல் பார்த்த இரண்டு நாட்கள்

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஐந்து மாதம் இடைவெளி விடுவது யார் கொண்டுவந்த வழக்கமோ தெரியாது. அந்த ஐந்து மாதத்தில் ஓர் ஆண்பிள்ளை போனில் அளக்கும் அளப்புக்கு எந்தக் கோர்ட்டிலும் ஜாமீன் கிடைக்காது. நான் விட்டதில் பெரும்பாலானவை சில்லறைப் பொய்கள். காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன் என்றேன். கோபமே வராது என்றேன். பாகற்காய் பிடிக்கும் என்றுகூடச் சொல்லிவைத்தேன் (அதற்குத் தண்டனையாக இன்றுவரை வாரம் ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்). இவையெல்லாம் வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போன பொய்கள். ஒன்றே ஒன்று மட்டும் அடங்காமல் கூரியரில் ஏறி வாசலுக்கே வந்து என்னிடம் கையெழுத்துக் கேட்டது.

"உங்களுக்குப் பாட்டு, வாத்தியம் ஏதாவது வருமா?" என்று பியூலா ஒரு நாள் போனில் கேட்டாள். அவள் சின்ன வயதிலிருந்து சர்ச் கொயரில் பாடுகிறவள்.

"கிட்டார் வாசிப்பேன்" என்றேன்.

முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. கல்லூரி விடுதியில் பக்கத்து அறைக்காரனிடம் ஒரு கிட்டார் இருந்தது. அவன் குளிக்கப் போகும் நேரத்தில் எடுத்து மூன்று கார்டு, அதாவது கம்பிகளை அழுத்தும் மூன்று விரல்பிடிகள், கற்றுக்கொண்டேன். நான்காவதற்கு விரல் நீளவில்லை. நீளுவதற்குள் அவன் படிப்பு முடிந்து கிட்டாரோடு ஊருக்குப் போய்விட்டான். என் சங்கீத வாழ்க்கை அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு திருநின்றவூரில் மாமனார் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியேறினோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை. தாராபுரத்திலிருந்து வந்த எனக்கு மின்சார ரயிலில் கால் வைக்க இடம் பிடிப்பதே பெரிய வித்தையாக இருந்ததால் வேறு வித்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்: "கிட்டார் ஊர்ல இருக்கு." இல்லாத கிட்டார் ஊரில் பத்திரமாக இருந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி நவம்பரில் போனது. எங்கள் சபையில் கொயரை நெடுநாள் நடத்திய பெரியவர் மகனோடு இருக்க பெங்களூர் போய்விட்டார். பொறுப்பு பியூலாவிடம் வந்தது. வந்த மறுவாரமே கீபோர்டு வாசிக்கிறவருக்கு மாற்றல் வந்து அவரும் போய்விட்டார். கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைக்கு ஒரு மாதம் இருக்கிறது, கையில் வாத்தியம் இல்லை. சபைக் கமிட்டிச் செயலாளர் ஒரு பென்டிரைவை எடுத்துக் காட்டினார். அதில் எல்லாப் பாட்டுக்கும் ரெடிமேடாக இசை இருந்தது.

"இத போட்டுட்டு மேல பாடிட்டுப் போயிடலாம்மா. செலவு இல்ல, தலைவலி இல்ல. அடுத்த வருஷத்துக்கும் இதே போதும்."

பியூலா ஒத்துக்கொள்ளவில்லை. "பென்டிரைவுக்கு மூச்சு வாங்காது அங்கிள். கொயர்ல ஆல்ட்டோ குரல் பாடற எங்க ஆன்ட்டிங்களுக்கு வாங்கும். பாட்டு ஆளுக்காக நிக்கணும், ஆளு பாட்டுக்குப் பின்னால ஓடக் கூடாது" என்றாள். பேச்சு வளர்ந்தது. கடைசியில் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. ஆராதனை நாளன்று ஒரே ஒரு வாத்தியமாவது நேரில் வாசிக்கப்பட்டால் சரி. இல்லையென்றால் பென்டிரைவ், அந்த வருஷம் மட்டுமல்ல, இனி எல்லா வருஷமும்.

"எங்க வீட்டுக்காரர் கிட்டார் வாசிப்பார்" என்றாள் பியூலா.

நான் அந்தக் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கழுத்து தானாகப் போட்டுவிட்ட கையெழுத்து அது.

அன்று சாயங்காலமே அவள் ஆன்லைனில் ஒரு கிட்டாருக்கு ஆர்டர் போட்டாள். ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று போட்டிருந்தது. நான் வராமலிருக்க ஜெபித்தேன். ஆண்டவர் பாதி ஜெபத்தைக் கேட்டார். பார்சல் டெல்லிப் பக்கம் ஒரு குடோனில் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் அசையாமல் கிடந்தது. தினமும் போனில் அது இருக்கும் இடத்தைப் பார்ப்பேன். "இன்னும் அங்கதான் இருக்கு" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்வேன். பியூலா அலட்டிக்கொள்ளாமல், "வரும்போது வரட்டும். நீ முதல் பாட்டுக்கு மட்டும் வாசி, போதும். மத்த பாட்டெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்பாள். எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் வேறு ஏதாவது கேள்வி திரும்பி வரும் என்று கேட்கவும் இல்லை.

ஆராதனை ஞாயிறு மாலை. பெட்டி வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தது. பியூலா கொரட்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவள் வேலைக்குப் போயிருந்தாள். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். சவப்பெட்டி அளவுக்கு இருந்த அட்டைப்பெட்டியை மாமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கீழ் ஹாலில் இறக்கினோம். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு குனிந்தபோதுதான் அதைப் பார்த்தேன். பெட்டியின் தலைமாட்டில் சிவப்பு ஸ்டிக்கர். குளிர் காலத்தில் பெட்டி வந்தால் உடனே திறக்காதீர்கள், மூடியபடியே வீட்டுக்குள் இருபத்து நான்கு மணி நேரம் வையுங்கள், உள்ளே இருக்கும் வாத்தியம் மெல்ல வெதுவெதுப்புக்கு வரட்டும், அவசரப்பட்டுத் திறந்தால் மரம் விரிசல் விடும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

என் வாழ்க்கையில் எந்த ஸ்டிக்கரையும் அவ்வளவு அன்போடு படித்ததில்லை. இருபத்து நான்கு மணி நேரம். அதாவது ஒரு நாள் பிராக்டிஸ் போச்சு. ஞாயிற்றுக்கிழமை மானம் போனாலும், "பெட்டியையே லேட்டாத்தானே பிரிச்சோம்" என்று சொல்லிக்கொள்ளலாம். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

ஆனால் ஒரு சந்தேகம். இது குளிர் காலமா?

மாமாவைப் பார்த்தேன். அவர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். அன்று பகல் பதினொரு மணிக்குத் தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர், முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தார். அவருக்கு நேர் மேலே மின்விசிறி மூன்றில் சுற்றிக்கொண்டிருந்தது (விசிறி கொசுவுக்கு, ஸ்வெட்டர் விசிறிக்கு).

"மாமா, இப்ப குளிரா?"

"என்ன மாப்ளே இப்படிக் கேக்கறீங்க. ஏரிக்காத்து எலும்புல போய் இறங்குது. பத்தாததுக்கு இது டெல்லில வேற கெடந்துட்டு வருது. உள்ள எப்படி இருக்கோ. இருங்க, பார்த்துடலாம்."

அலமாரியிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்துவந்தார். கொரோனா காலத்தில் சர்ச் வாசலில் நின்று ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேராகப் பிடித்து அழுத்துவாரே, காய்ச்சல் பார்க்கும் வெள்ளைத் துப்பாக்கி, அதுதான். கொரோனா போன பிறகு சர்ச்சில் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை. பெட்டியில் தூக்கிப் பிடிக்க ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள் குறிபார்த்து அழுத்தினார். திரையில் எண் வரவில்லை. 'லோ' என்று வந்தது.

மாமா தன் நெற்றியில் வைத்து அழுத்தினார். முப்பத்தாறு புள்ளி நான்கு. என் நெற்றியில் முப்பத்தாறு புள்ளி ஏழு. மறுபடி பெட்டிக்குள். லோ.

"பார்த்தீங்களா? நமக்கெல்லாம் நார்மல். இதுக்கு மட்டும் லோ. ரொம்ப ஜில்லுனு கீதுன்னு அர்த்தம்." (மாமா நிதானமாக இருக்கும்போது நல்ல தமிழ் பேசுவார். பதற்றம் வந்தால் பிறந்து வளர்ந்த ஊர் வெளியே வந்துவிடும்.)

நான் பி.இ. படித்தவன். அந்த நிமிஷத்தில் துப்பாக்கியை வாங்கிச் சுவரை நோக்கி ஒரு தரம் அழுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அழுத்தவில்லை. கீழே இருந்த கம்பளியை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தினேன்.

சாயங்காலம் வந்த பியூலா போர்த்தியிருந்த பெட்டியைப் பார்த்தாள். "பிரிக்கலையா?"

"குளிர் விடணுமாம். ஸ்டிக்கர்ல போட்டிருக்கு."

அவள் ஸ்டிக்கரைப் படித்தாள், ஓடும் மின்விசிறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் சட்டென்று கம்பளியை ஓரத்தில் இழுத்துவிட ஆரம்பித்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் பிராக்டிஸுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பதினொன்று. இருபத்து நான்கு மணி நேரம் முடிந்தது. மாமா கம்பளியை விலக்கிச் சுட்டார். லோ. இங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. ஸ்டிக்கர் சொன்ன கெடு முடிந்துவிட்டது, துப்பாக்கி முடியவில்லை என்கிறது. எதை நம்புவது? பிரித்தால் மரம் விரிசல் விடும், பியூலாவின் மானம் போகும். பிரிக்காவிட்டால் வாத்தியமே இல்லை, பென்டிரைவ் ஜெயிக்கும், அப்போதும் பியூலாவின் மானம் போகும். எப்படிப் போனாலும் அவள் மானம்தான். என் மானம் இதில் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடவே தைரியம் வரவில்லை.

எதிர்வீட்டு முனுசாமி அண்ணன் அப்போது ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பகலில் ஆட்டோ ஓட்டுவார், திருவிழா, ஊர்வலம் என்றால் பறை அடிப்பார். சுற்றுவட்டாரத்தில் அவர் அடிக்குப் பெயர் உண்டு. மாமாவும் நானும் பெட்டியைச் சுற்றி நிற்பதைப் பார்த்து உள்ளே வந்தார்.

"இன்னா சார், நேத்து வந்த பொட்டிய இன்னும் பிரிக்காம பாத்துகினே கீறீங்க?"

விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனிடம் பேசுகிற மரியாதையோடு என்னிடம் பேசினார்.

"சும்மா ஊட்டுக்குள்ள போத்தி வெச்சா எப்டி சார் சூடாவும்? நாங்க மோளத்த காச்சாம என்னிக்காவது அடிச்சிக்கிறோமா? நெருப்பு காட்டணும். தோலு விண்ணுனு ஏறணும். அப்பத்தான் அது பேசும். காயாத மோளத்த அடிச்சா சொத சொதன்னு கேக்கும்."

"இது மரம்ணா" என்றேன்.

"மரமும் தோலும் ஒண்ணுதான் சார். ரெண்டும் ஒரு காலத்துல உசுரோட இருந்ததுதானே."

என் பாடத்திட்டத்தில் இது இல்லை. பறையைப் பொறுத்தவரை அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, அவர் கை அதற்குச் சாட்சி. கிட்டாரைப் பற்றி அவரைக் கேட்டது என் தப்பு. நெருப்பு வேண்டாம், வெயில் போதும் என்று மாமா சமரசம் செய்தார். பெட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கினோம்.

அரை மணி நேரம் கழித்து மாமா சுட்டார். திரை சிவப்பாக மாறி 'ஹை' என்றது. பதறிப்போய், "காய்ச்சல் அடிக்குது மாப்ளே, நிழல்ல வைங்க" என்றார். படிக்கட்டு நிழலுக்கு இழுத்தோம். கொஞ்ச நேரத்தில் லோ. மறுபடி வெயில். ஹை. மறுபடி நிழல். லோ. நடுவில் ஒரு முப்பத்தேழு வரவே மாட்டேனென்றது. மத்தியானம் சாப்பிடாமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் அங்குமிங்கும் நடந்தோம். துணி காயப்போட வந்த அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்னத்த தேடறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார்கள்.

மாமாவிடம் ஒரு பழைய கார் உண்டு. வாரம் ஒரு முறை சர்ச்சுக்கு மட்டும் போகும். மற்ற நாளெல்லாம் வாசலில் நல்ல வெயிலில் நிற்கும். "கார்ல வெச்சுக் கண்ணாடிய ஏத்திட்டா சூடு ஒரே சீரா நிக்கும்" என்று கண்டுபிடித்தது நான்தான். பழியை வேறு யார் மேலும் போட முடியாது. பெட்டியைப் பின்சீட்டில் படுக்கவைத்து நான்கு கண்ணாடியையும் ஏற்றினோம். சாயங்காலம் நான்கு மணிக்குக் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த சூட்டில் மாமா முதல் முறையாக மஃப்ளரைக் கழற்றினார். துப்பாக்கி ஹை என்றது. இந்த முறை நாங்கள் பயப்படவில்லை. "விண்ணுனு ஏறட்டும்" என்று முனுசாமி அண்ணன் சொல்லியிருந்தாரே.

பெட்டியைப் பிரித்தேன். கிட்டார் தேன் நிறத்தில் பளபளவென்று அவ்வளவு அழகாக இருந்தது. மாடிக்கு எடுத்துப் போய் போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு சுருதி சேர்த்தேன். ஆறாவது கம்பியைச் சேர்ப்பதற்குள் முதல் கம்பி இறங்கிவிடும். அதை ஏற்றினால் மூன்றாவது இறங்கும். கம்பிகள் மரத்தைவிட்டு விலகி உயரத்தில் நிற்பதுபோலவும் தோன்றியது. எல்லாக் கிட்டாரும் இப்படித்தான் போலிருக்கிறது, எனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நடுவே ஒரு பசை வாசனை வந்தது. புதுப் பொருள் என்றால் வாசனை வராதா என்று அதையும் தள்ளினேன். மூன்று கார்டும் எப்படியோ ஞாபகத்துக்கு வந்தன. முதல் பாட்டுக்கு அந்த மூன்றே போதுமாக இருந்தது. அது எப்படி அவ்வளவு சரியாக அமைந்தது என்று ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது. என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை, "ராத்திரிக் குளிரு ஏறியிருக்கும் மாப்ளே, ஒரு தடவை காட்டிடுங்க" என்றார் மாமா. முறுக்கி ஏற்றிய கம்பிகளோடு கிட்டார் மறுபடி காருக்குள் போனது. மத்தியானம் முழுக்க அங்கேயே கிடந்தது. நான்கு மணிக்கு அதே காரில் சர்ச்சுக்குப் போனோம்.

சர்ச் நிறைந்திருந்தது. பீடத்துக்கு இடப்பக்கம் கொயர், நடுவில் பியூலா, கடைசி ஓரத்தில் மைக்குக்கு முன்னால் நான். எங்களுக்கு நேர் எதிரே சவுண்டு சர்வீஸ்காரர், அவர் பக்கத்தில் கமிட்டிச் செயலாளர். பென்டிரைவ் ஏற்கெனவே மிஷினில் செருகப்பட்டிருந்தது. செயலாளர் விரலும் பட்டன் மேலேயே இருந்தது. நான் தடுக்கினால் அழுத்திவிடுவார், அதோடு பியூலா சொன்ன சொல் முடிந்தது.

பியூலா கையைத் தூக்கினாள். நான் ஆரம்பித்தேன்.

முதல் சரணம் நன்றாகத்தான் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகவே போனது. முன்வரிசையில் மாமா பெருமை தாங்காமல் பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் கைகாட்டினார். இரண்டாவது சரணத்தில் கம்பிகள் ஒவ்வொன்றாகச் சுருதி இறங்க ஆரம்பித்தன. நான் அழுத்தி வாசித்தேன். மூன்றாவது சரணத்தின் முதல் வரி.

டமார் என்றது.

கம்பிகளைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கும் மரக்கட்டை, கார்ச் சூட்டில் பசை இளகிப்போயிருந்ததால், அப்படியே பெயர்ந்து, ஆறு கம்பிகளையும் இழுத்துக்கொண்டு எகிறி, மைக்கில் மோதியது. மைக் அதைப் பத்து மடங்காக்கிச் சர்ச் முழுக்க அனுப்பியது. பின்வரிசையில் யாரோ, "டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சிருச்சு" என்றார்கள். ஒரு குழந்தை கைதட்டியது. தன் ஸ்பீக்கர்தான் போய்விட்டது என்று நினைத்த சவுண்டு சர்வீஸ்காரர் பாய்ந்து மெயினை அணைத்தார். செயலாளர் பட்டனை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். மின்சாரம் இல்லாத மிஷின் என்ன செய்யும்?

பியூலாவின் கை மட்டும் நிற்கவில்லை. ஒரு தாளம்கூடத் தப்பவில்லை. கொயர் அவள் கையைப் பார்த்துப் பாடிக்கொண்டே போனது. மைக் இல்லை, வாத்தியம் இல்லை, கொயரின் நான்கு குரல் பிரிவுகளும் தனித்தனியாகவும் சேர்ந்தும் அந்தக் கூரை வரைக்கும் போயின. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதை ஆரம்பித்தார்கள். மூன்றாவதிலிருந்து சபையே அசையாமல் கேட்டது. ஆல்ட்டோ ஆன்ட்டிகளுக்கு மூச்சு வாங்கிய இடத்தில் பாட்டும் நின்று வாங்கிக்கொண்டது. மொத்தம் எட்டுப் பாட்டு.

அந்த எட்டுப் பாட்டுக்கும் நான் அங்கேயேதான் நின்றேன். வெளியே போவதென்றால் பீடத்துக்கு முன்னால் நடந்து போகவேண்டும். ஆகவே வயிறு பெயர்ந்த கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு, தொங்கும் கட்டை ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஏதோ இதுதான் என் பங்கு என்பதுபோல நின்றேன். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "ரொம்ப அமைதியா வாசிச்ச தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெளியே கார் பக்கத்தில் மாமா இடிந்துபோய் நின்றார். காருக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துக் கிட்டாரைச் சுட்டார். லோ. "பார்த்தீங்களா, சர்ச்சுக்குள்ள போனதும் மறுபடி குளிர்ந்துடுச்சு" என்றார். பியூலா அதைக் கையில் வாங்கினாள். சர்ச் சுவரைச் சுட்டாள். லோ. இரும்பு கேட்டைச் சுட்டாள். லோ. காலில் கிடந்த செருப்பைச் சுட்டாள். அதுவும் லோ.

"இது மனுஷனுக்குக் காய்ச்சல் பார்க்கறதுப்பா. மனுஷ சூடு இல்லாத எல்லாமே இதுக்கு லோதான்."

மாமா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மாடியில் உட்கார்ந்ததும், "சாரி பியூலா, உன் முதல் ஆராதனைய நான் கெடுத்துட்டேன்" என்றேன்.

"நீ என்னத்தக் கெடுத்த? ஒரு மாசமா நாங்க வாத்தியம் இல்லாமதான் பிராக்டிஸ் பண்ணோம். முதல் பாட்டுக்கு நீ சும்மா மூணு கார்டு தட்டினா கமிட்டி வாய மூடும், மீதி ஏழையும் வாத்தியமே இல்லாம பாடிடலாம்னுதான் என் பிளான்."

"மூணு கார்டுதான் தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நிச்சயம் ஆன மாசமே தெரியும். எந்த ஸ்டிரிங் போடுவீங்க, நைலானா ஸ்டீலான்னு போன்ல கேட்டேன். 'நல்ல ஸ்டிரிங்தான் போடுவேன்'னு சொன்ன. நெஜமா வாசிக்கறவன் அப்படிச் சொல்லமாட்டான், மூணு கார்டுக்கு மேல தெரியாதுன்னு அப்பவே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ஆர்டர் போட்ட?"

"கிட்டார் வர்றதுக்குள்ள நீயே சொல்லிடுவன்னு பார்த்தேன். வெள்ளிக்கிழமை பெட்டி வந்தப்பவாவது சொல்லுவன்னு நெனச்சேன். நீ என்னடான்னா அதுக்குக் கம்பளி போத்திட்டு நிக்கற. ஒரு வார்த்தை சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு நாளா அந்தச் சுமைய மொட்டைமாடிக்கும் காருக்கும் சுமந்திருக்க. நான் என்ன அடிச்சிடவா போறேன்?" குரல் கொஞ்சம் உடைந்தது. கோபத்தைவிட அதுதான் எனக்கு உறைத்தது. "போதும் ஜோயல். இப்பவாவது பெட்டியத் தெற."

திறந்தேன். மூன்று கார்டிலிருந்து ஐந்தரை மணி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். (பாகற்காயை மட்டும் விட்டுவைத்தேன். ஒரே நாளில் அவ்வளவு உண்மையை அவளும் தாங்கவேண்டுமே.) கேட்டு முடித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் அத்தை கீழேயிருந்து ஏறி வந்துவிட்டார்கள்.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனை அன்றுமுதல் வாத்தியம் இல்லாமல்தான் நடக்கிறது. பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்தெல்லாம் கேட்க வருகிறார்கள். பென்டிரைவ் பேச்சு அதன் பிறகு எழவில்லை. மாமா மட்டும் இன்னொரு நாள் காரில் வைத்திருந்தால் சரியாகியிருக்கும் என்ற கருத்தை இன்னும் கைவிடவில்லை. வீட்டில் யார் எதை மறைத்தாலும், "பெட்டியத் தெற" என்பதுதான் இப்போது வழக்கு. சர்க்கரை டாக்டரைப் பார்க்கப் போகும் வழியில் அத்தை மாமாவிடம் சொல்வார்கள். அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மூணு லட்டு" என்பார்.

போன வருஷம் என் கம்பெனியில் எங்கள் டீமையே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. இரண்டு நாள் வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஆவடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, வழக்கமான ரயிலில் திரும்பி வந்தேன். மூன்றாம் நாள் காலை ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். பியூலா காபியை நீட்டினாள். எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பெட்டியத் தெற" என்றாள்.

நான் ஷூவைக் கழற்றினேன்.